ஊரார் பேரால்: வெண்பு நாட்டுப் பள்ளியும் நம் யாத்திரைப் பேருந்தும்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில், இராமநாதபுர எல்லையை நெருங்கும் வானம் பார்த்த பூமியில், வீரசோழன் என்று ஓர் ஊர் உண்டு. கண்மாயில் நீர் இருந்தால் நெல், இல்லையெனில் பருத்தியும் மிளகாயும், அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது என்பது அவ்வட்டாரத்தின் வாழ்க்கை முறை. தமிழிலக்கணம் பயின்றவர்களுக்கு அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் வீரசோழியம் நினைவுக்கு வரும். பணி ஆணையைக் கையில் வாங்கிய நாளில் எனக்கும் அதுவே நினைவுக்கு வந்தது. ஆனால் வீரராசேந்திர சோழன் காலத்தில் (1063–1070) புத்தமித்திரனார் இயற்றிய அப்பௌத்த இலக்கணத்துக்கும் இவ்வூருக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டுவதில்லை. பதினோராம் நூற்றாண்டில் பாண்டிநாடு சோழர் கைப்பட்ட காலத்தின் எச்சமாக அங்கே எத்தனையோ ஊர்ப்பெயர்கள் நிற்கின்றன என்பதோடு அமைவோம்.

நான் பிறந்தது வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில். அருகனைக் காலையில் தொழுது, பொழுது சாய்வதற்குள் உண்டு, விளக்கேற்றியபின் சீவகசிந்தாமணி கேட்டு வளர்ந்தவன். அவ்வறண்ட நாட்டுக்குப் பள்ளியாசிரியனாகச் சென்றபோது, நம்மவர் ஒருவரும் இல்லாத ஊருக்கு வந்துவிட்டோமே என்று முதல் சில மாதங்கள் மனம் சோர்ந்தேன். அந்தச் சோர்வு எவ்வளவு அறியாமையின்பாற்பட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். நம் முன்னோரின் தலையாய கல்விநிலையங்களுள் ஒன்று இருந்த நாட்டின் நடுவிலேயே நான் குடியிருந்தேன். அதைப் பற்றியும், அதை அறிந்தபின் என் மாணவர் சிலரோடு மேற்கொண்ட ஒரு பயணத்தைப் பற்றியும், நம் அறக்கட்டளையின் யாத்திரைகளை மனத்தில் வைத்து இம்மலரில் எழுதுகிறேன்.

கல்வெட்டுகள் அந்நிலப்பகுதியை வெண்பு நாடு என்று குறிக்கின்றன. அதில் குறண்டி என்பது ஓர் ஊர். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கே இருந்த சமணப் பெரும்பள்ளியின் பெயர் திருக்காட்டாம்பள்ளி. கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் அது பெருஞ்சிறப்போடு விளங்கியதென்பதை நாம் அறிவது குறண்டியிலிருந்து அன்று. ஐம்பது கிலோமீட்டர் அளவு வடக்கே, மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் வெட்டப்பட்ட வட்டெழுத்துகளே அதைச் சொல்கின்றன. ஒரு கல்விநிலையத்தின் புகழை அதன் சுவர் சொல்லாமல், அங்கிருந்து புறப்பட்டுப் போனவர்களின் பெயர்கள் சொல்வது எண்ணி மகிழத்தக்கது.

திருச்சுழிக்கு அருகில் பள்ளிமடம் என்று ஓர் ஊர் இருக்கிறது. குண்டாற்றங்கரையில் காளநாதர் கோயில் நிற்கிறது. அக்கோயிற் கற்களில் திருக்காட்டாம்பள்ளியைக் குறிக்கும் எழுத்துகள் காணப்படுவதால், குறண்டிப் பள்ளி அழிந்தபின் அதன் கற்கள் இங்குக் கொண்டுவரப்பட்டிருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இவ்வளவும் கேட்டவுடன் நம்மவர் சிலர், ‘பார்த்தீர்களா, ஊர்ப்பெயரிலேயே பள்ளி இருக்கிறது, மடமும் இருக்கிறது’ என்று துள்ளுவர். நானும் ஒருமுறை மேடையில் அவ்வாறு பேசி, பின்பு நாணியவன். அக்கோயிலின் பழம்பெயர் சுந்தரபாண்டிய ஈசுவரம். அது பாண்டிய மரபினன் ஒருவனுக்கு எடுக்கப்பட்ட பள்ளிப்படை. சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஆகவே ஊர்ப்பெயரில் நிற்கும் பள்ளி, அரசன் பள்ளிகொண்ட பள்ளியாக இருத்தற்கே இடம் மிகுதி. நம்முடையதல்லாத பெருமையை நம்முடையதென்று சொல்லுதல் பொய்யாமை விரதத்துக்கு மாறு. நமக்கு உரியது அக்கோயிலின் கற்களில் இருக்கும்போது பெயரைப் பற்றித் தொங்க வேண்டிய தேவையும் இல்லை.

பள்ளி என்னும் சொல்லின் வரலாறே தனிச்சுவை உடையது. துறவியர் படுத்துறங்கிய கற்படுக்கையைக் குறித்த சொல், அவர்கள் தங்கிய இடத்தைக் குறித்து, அங்கே நடந்த கற்பித்தலைக் குறித்து, இன்று ஆறு வயதுக் குழந்தை பையோடு போகும் பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது. வீரசோழனில் இசுலாமியப் பெருமக்கள் மிகுதி. அவர்கள் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றே சொல்வார்கள். ஒரே நாளில் ஒரு பையன் பள்ளிவாசலைக் கடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து, அடுத்த வாரம் பள்ளிமடத்துச் சந்திக்குப் பேருந்தில் போவான். மூன்றிலும் ஒரு சொல் நிற்பதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது பிள்ளைகள் வியந்தார்கள். அவர்களில் எவரும் சமணம் என்ற சொல்லை அதுவரை கேட்டதில்லை.

இனிக் குறண்டியிலிருந்து புறப்பட்டவர்களைப் பார்ப்போம். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலை இருக்கிறது. அதன் தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்னும் குகை. குகைக்கு வெளியே பாறையில் அமர்ந்த கோலத்தில் பெரியதொரு தீர்த்தங்கரர் திருமேனி. அதன்கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஓர் ஆசிரியப் பரம்பரையைச் சொல்கிறது. வெண்பு நாட்டுக் குறண்டி அட்டோபவாசி படாரர் முதல்வர். அவர் மாணாக்கர் குணசேனதேவர். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். மூன்று தலைமுறை. அட்டோபவாசி என்ற பெயரின் பொருளை நம் வீட்டுப் பெண்டிருக்கு விளக்க வேண்டா. எட்டு நாள் உபவாசம் இருந்தவர் என்பதை அவர்கள் நோன்பு நூற்ற அனுபவத்தாலேயே அறிவார்கள்.

கல்வெட்டு இத்தோடு நிற்கவில்லை. கனகவீரப் பெரியடிகள் அத்திருமேனியைக் குயிற்குடி ஊரார் பேரால் செய்வித்தார் என்று சொல்கிறது. இந்த ‘ஊரார் பேரால்’ என்ற இரு சொற்களைப் பல ஆண்டுகள் நான் வேகமாகப் படித்துக் கடந்திருக்கிறேன். முத்துப்பட்டி மலையிலும் இதே வழக்கு. அங்கே அதே அட்டோபவாசியின் மற்றொரு மாணாக்கர் மாநந்திப் பெரியார், அந்த நாட்டார் பேரால் ஒரு திருமேனி செய்வித்திருக்கிறார். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர், தாம் வந்து தங்கிய ஊரின் மக்களுடைய பெயரால் அறம் செய்கிறார். தம் பெயரை மறைத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். கல்லில் அவர் பெயரும் இருக்கிறது, அவருடைய ஆசிரியர் பெயரும் இருக்கிறது. ஆனால் அறத்தின் பயன் எவர்க்கு என்னும் இடத்தில் ஊரார் நிற்கிறார்கள்.

நம் காலத்து வழக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏழைப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு வழங்குகிறோம். மேலட்டையில் கொடுத்தவர் படம், பின்னட்டையில் அவர் தந்தையார் படம். பை கொடுத்தால் பையின் முதுகில் நிறுவனத்தின் பெயர். வாங்கும் குழந்தை ஆண்டு முழுதும் அப்பெயரைச் சுமந்து நடக்கிறது. விழா மேடையில் வரிசையாக நிற்கவைத்து, கொடுப்பவர் கையும் வாங்குவது கையும் ஒருசேரப் படத்தில் விழும்வரை அக்குழந்தை பையைத் தொட்டபடியே நிற்க வேண்டும். நானும் அவ்வரிசைகளை ஒழுங்குபடுத்திய ஆசிரியன்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் அந்நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

நம் சமயம் தானத்தை நான்காக வகுத்தது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். இவற்றைத் தனித்தனியே பெயரிட்டாலும், பழம்பள்ளிகளில் அவை ஒன்றோடொன்று பிணைந்தே நடந்தன என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. கழுகுமலையை எடுத்துக்கொள்வோம். பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில் அம்மலையில் சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர்க்கு உணவு வழங்க நிபந்தம் ஏற்படுத்தப்பட்டது. கற்பிப்பவர் பசியோடு இருக்கலாகாது என்பது அக்கொடையின் உட்கிடை. கோட்டாறு, திருச்சாரணம் போன்ற தென்கோடி ஊர்களிலிருந்தும், வடக்கே திருநறுங்கொண்டையிலிருந்தும் வந்தவர்களின் பெயர்கள் அங்குள்ள திருமேனிகளின் கீழ் இருக்கின்றன. குரத்தியர் பலர் பெயரும் உண்டு. குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். ஆசிரியை என்றே பொருள். மாணாக்கர், மாணாக்கியர் என்ற சொற்கள் அப்பாறையில் திரும்பத் திரும்ப வருகின்றன.

பெண் ஆசிரியரும் பெண் மாணாக்கரும் என்று சொன்னவுடன் வேடல் கல்வெட்டைச் சொல்லாமல் மேற்செல்ல என் மனம் ஒப்பவில்லை. வேடல் நம் வந்தவாசிப் பக்கத்து ஊர். இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் பலருக்கு அங்கே உறவுண்டு. முதலாம் ஆதித்தசோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 885இல், அங்கே குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாரான கனகவீரக் குரத்தியார் இருந்தார். அவரோடு ஐந்நூறு மாணாக்கியர். அவர்களுக்கும் நானூறு பேர் கொண்ட மற்றொரு துறவியர் தொகுதிக்கும் இடையே பிணக்கு எழுந்தது. அப்போது ஊரிலிருந்த இல்லறத்தார், குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் காப்பதும் அவர்களுக்கு உணவளிப்பதும் எம் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டனர். ஐந்நூறு பேர்! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சாலையும் சந்தையும் இன்றுபோல் இல்லாத காலத்தில், ஒரு சிற்றூர் ஐந்நூறு பெண்களின் சோற்றுக்குப் பிணை நின்றது. பூசல் தீர்ந்தபின் உண்ணட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. விளாப்பாக்கத்தில், முதற் பராந்தகன் காலத்தில் ஏறத்தாழ 945இல், திருப்பான்மலை அரிட்டநேமிப் பிடாரரின் மாணாக்கியார் பட்டினிக் குரத்தியார் கிணறு தோண்டிய செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பட்டினி நோன்பைப் பெயராகக் கொண்டவர் பிறர்க்கு நீர் வைத்தார்.

நீர் என்றவுடன் மறுபடி வெண்பு நாட்டுக்கே வருகிறேன். அருப்புக்கோட்டைக்கு வடகிழக்கே கோவிலாங்குளம். இன்று அம்பலப்பசாமி கோயில் என்று ஊரார் வழங்கும் இடம், முக்குடையாருக்கு எடுத்த சினாலயமாக இருந்தது. முதற் குலோத்துங்கனின் நாற்பத்தெட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1118ஆம் ஆண்டினது, அங்கே இருக்கிறது. கும்பனூரார் பலர் சேர்ந்து அக்கோயிலுக்கு நிலம் கொடுத்தார்கள். அக்கொடையில் தண்ணீர்ப்பந்தலும் கிணறும் அடங்கியிருந்தன. காவிரிக்கரையில் தண்ணீர்ப்பந்தல் வைத்தால் அது ஒரு நற்செயல். வெண்பு நாட்டில் வைத்தால் உயிர்காப்பு. சித்திரை வெயிலில் திருச்சுழியிலிருந்து நரிக்குடிச் சாலையில் ஒருமுறை நடந்தவர்கள் அந்தக் கல்வெட்டை வேறு விதமாகப் படிப்பார்கள்.

இக்கல்வெட்டுகளைக் காட்டி, ‘பழங்காலச் சமணர் ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் சாதி பாராது எழுத்தறிவித்தனர்’ என்று நம் கூட்டங்களில் முழங்குவதை நான் ஏற்பதில்லை. கல்வெட்டு மாணாக்கர் என்று சொல்வது பெரும்பாலும் துறவுநெறியில் நின்ற மாணாக்கரை. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது நம் ஆசை. ஆனால் ஆதிபகவன் தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்னும் புராண மரபும், நன்னூலுக்குப் பாயிரம் வகுத்த பவணந்தியார் ஆசிரியர் எத்தகையர், மாணாக்கர் எத்தகையர், பாடம் சொல்வதும் கேட்பதும் எவ்வாறு என்று வரையறுத்ததும் பொய்யன்று. கற்பித்தலை ஒரு துறையாகவே எண்ணிய மரபு நம்முடையது. அதன் கடமை எவர்வரை நீள வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.

வறண்ட தென்னாட்டில் பிள்ளையின் படிப்பும் சோறும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதைக் கண்டுகொண்டவர் விருதுநகரில் பிறந்த காமராசர். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டது. இவற்றின் பயனை நான் கணக்கெடுப்பால் அறியவில்லை, வருகைப் பதிவேட்டால் அறிவேன். திங்கட்கிழமைக் காலையில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தண்ணீர் தெளித்து எழுப்பிய ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். ஆயினும், 2018இல் நடுவணரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டில் இடம்பெற்றவை இரண்டே. ஒன்று விருதுநகர், மற்றொன்று இராமநாதபுரம். வீரசோழன் அவ்விரண்டின் எல்லைக்கருகே கிடக்கிறது.

சோறும் ஏடும் வந்துவிட்ட பிள்ளைக்கு இன்னும் வராதது ஒன்றுண்டு. அது தன் ஊருக்கு வெளியே ஓரிடத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு. இதை நான் உணர்ந்தது ஒரு தவற்றின் வழியாக.

1993ஆம் ஆண்டு என்று நினைவு. நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்தோம். தலைக்கு எழுபது ரூபாய். பணம் கட்டியவர்கள் போனார்கள். கட்டாதவர்களை நாங்கள் எண்ணவில்லை. பணம் கட்டாதவர் என்று பட்டியல் எழுதும் வழக்கமே இல்லை, கட்டியவர் பட்டியல் மட்டுமே உண்டு. திரும்பி வந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில், தமிழாசிரியர் வழக்கப்படி, ‘நான் கண்ட சுற்றுலா’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு ஏடுகள் வந்தன. போனவர்களோ பத்தொன்பது பேர். மற்ற இருபத்து மூவரும் வகுப்பில் கேட்டவற்றை வைத்து, முக்கடல் கூடும் இடத்தையும் சூரியன் எழுந்ததையும் எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் அவ்வாறு எழுதவில்லை. வண்டி அதிகாலை நான்கரைக்கு ஊர்முனையில் நின்றது, வண்டியின் நிறம் நீலம், உள்ளே விளக்கு எரிந்தது, என் நண்பன் சன்னலோரம் இருந்தான், வண்டி போனபின் ஆட்டைப் பத்திக்கொண்டு போனேன் என்று எழுதி முடித்திருந்தான். நான் அதற்கு இட்ட மதிப்பெண் பத்துக்கு நான்கு. தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று சிவப்பு மையில் குறித்தேன். அந்தச் சிவப்பு மையை இன்றும் மறக்க முடியவில்லை.

மறு ஆண்டு, விடுமுறை நாளொன்றில், முன்னைய ஆண்டு போகாதவர்களில் பதினோரு பேரைத் திரட்டிக்கொண்டு சமணர்மலைக்குப் புறப்பட்டேன். அரசுப் பேருந்துதான். திருச்சுழியில் ஒன்று மாறி, அருப்புக்கோட்டையில் ஒன்று மாறி, மதுரையில் ஒன்று மாறினோம். செலவு என்னுடையது என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை, பள்ளிச் செலவு என்றே சொன்னேன். பொய்யாமை விரதத்துக்கு இது பங்கமா என்று என் துணைவியார் கேட்டார். விடை சொல்லாமல் இருந்துவிட்டேன். அவரே பதினான்கு பொட்டலம் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தார். மூன்று கூடுதல், வழியில் எவரேனும் பசித்திருந்தால் என்று.

அந்தப் பயணத்தைச் சொல்வதற்கு முன் நம் யாத்திரைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பழஞ்சமணத் தலங்களைக் கூட்டமாகச் சென்று காணும் பழக்கம் அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் மறுமலர்ச்சி பெற்றிருக்கிறது. யானைமலையைச் சிற்பநகரமாக்கும் முயற்சி எழுந்து ஊரார் எதிர்த்தபின், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010இல் மதுரையில் தொடங்கிய பசுமை நடை இதற்கு முன்னோடி. அஃது எச்சமயத்தாருக்கும் உரியதன்று. ஆயினும் நம் திருமேனிகளை நம்மினும் மிகுதியாகக் காத்திருக்கிறது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்லெழுத்தைப் படித்துக் காட்ட, தந்தை தோளில் அமர்ந்த குழந்தைகள் கேட்டுக்கொண்டிருப்பதை அங்கே கண்டேன். இறங்கி வந்தபின் அனைவரும் ஒன்றாக அமர்ந்து காலையுணவு. தமிழ்ச் சமணர்கள் அகிம்சை நடை என்னும் பெயரில் இவ்வாறே தலம் தலமாகச் சென்று வருவது நம் சமூகத்துக்குப் பெருமை.

நம் அறக்கட்டளையும் ஆண்டுதோறும் தென்பாண்டி நாட்டு யாத்திரை நடத்துகிறது. நானும் மும்முறை சென்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேருந்தில் எட்டுப் பத்து இருக்கைகள் காலியாகவே சென்றன. முதியோர் கடைசி நாளில் உடல்நலக் குறைவால் நின்றுவிடுகிறார்கள், இளையோர்க்கு விடுப்புக் கிடைப்பதில்லை. சமணர்மலைக்குப் போகிறோம், கழுகுமலைக்குப் போகிறோம். குறண்டி, கோவிலாங்குளம், பள்ளிமடம் மூன்றும் வழியில் இருந்தும் நிற்பதில்லை. ‘அங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். பார்க்கச் சிலையும் குகையும் மிகுதியாக இல்லைதான். பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் காலி இருக்கைகளில் வெண்பு நாட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குச் செல்லலாம் என்பதே என் வேண்டுகோள்.

அதற்கு ஆகும் ஆயத்தம் சிறிது. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பெண்பிள்ளைகள் வருவார்களானால் உடன் ஓர் ஆசிரியை வேண்டும். மலையடிவாரத்தில் கழிப்பறை எங்கே என்பதை முன்னரே பார்த்து வைக்க வேண்டும், நம்மவர் பலர் மறப்பது இதையே. வெயில் ஏறுமுன் மலையேறி இறங்கிவிட வேண்டும். நாம் மாலைக்குள் உண்பவர்கள் ஆதலால் பிள்ளைகளும் பசியின்றி வீடு சேர்வார்கள். அவர்கள் இசுலாமியராக இருப்பர், சைவராக இருப்பர், கிறித்தவராக இருப்பர். திருமேனியின் முன் கைகூப்பு என்று எவரும் சொல்லலாகாது. கூப்பினால் தடுக்கவும் வேண்டா. பதாகை, ஒளிப்படம், மேடை எதுவும் கூடாது. பொருள் கொடுப்பதாயின் அந்தப் பள்ளியின் பெயரால் கொடுப்போம். குயிற்குடியில் கனகவீரப் பெரியடிகள் செய்தது போலவே.

1994இல் அப்பதினோரு பேரும் செட்டிப்புடவின் முன் நின்றார்கள். வட்டெழுத்தைக் கண்டவுடன், ‘இது தமிழா சார்?’ என்று ஒரு பெண் கேட்டாள். தமிழ்தான், எழுத்து மட்டும் வேறு என்றேன். நம்பாமல் பார்த்தாள். நூலில் நான் எடுத்து எழுதி வந்திருந்த பாடத்தை விரலால் கல்லில் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினேன். வெண்பு நாட்டுக் குறண்டி என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அது எங்கே இருக்கிறது தெரியுமா என்றேன். எவருக்கும் தெரியவில்லை. ‘காலையில் பஸ் மாறினோமே, அருப்புக்கோட்டை, அந்தப் பக்கம்’ என்றேன்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, முன்னைய ஆண்டு பத்துக்கு நான்கு வாங்கியவன் கேட்டான்.

‘நம்ம பக்கத்து வாத்தியாரா சார் இவரு?’

‘ஆமாம். அவருடைய வாத்தியாரும், அவருக்கு வாத்தியாரும்.’

‘இங்க எப்படி வந்தாங்க? அப்ப பஸ் ஏது?’

நடந்துதான் வந்தார்கள், நம் துறவியர் வண்டி ஏறுவதில்லை என்றேன். அவன் மலையை விட்டுத் திரும்பி, தெற்கே வெயிலில் கானலாக அசைந்த வயல்வெளியைப் பார்த்தான். உதட்டைக் குவித்து ஏதோ கணக்குப் போட்டான்.

‘ஆட்டைப் பத்திக்கிட்டு நடந்தா மூணு நாள் ஆகும் சார். சும்மா நடந்தா ரெண்டு நாள். வழியில தண்ணி இருக்கணும்.’

கோவிலாங்குளத்துக் கிணற்றை அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, கல்லில் அடுத்த சொல் என்ன என்றான். மாணாக்கர் என்று படித்தேன். ‘அப்படின்னா?’ என்று கேட்டவளுக்கு அவனே விடை சொன்னான்.

‘படிக்கிற பிள்ளைங்க. கூடவே நடந்து வந்திருக்காங்க.’